பின்னால் நடக்கும் பெண்கள்

வேலங்குடி,
திருக்காட்டுப்பள்ளி வழி.
6 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய ஹபீபுன்னிசா அக்காவுக்கு,

வணக்கம். என் பெயர் மதிவதனி. உங்களுக்கு என்னைத் தெரியாது. வேலங்குடி மகளிர் நடவுக் குழுவுக்கு நீங்கள் வெப்சைட் செய்து கொடுத்தீர்களே, அந்தக் குழுவின் தலைவி மங்களாம்பிகை என் சித்தி. நடவு மிஷினை ஓட்டுவது சித்தி. மிஷினுக்கான நாற்றுகளைத் தட்டுகளில் வளர்ப்பது நான்.

வெப்சைட்டின் அடியில் 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. மூன்று நாளாக அதில் எழுதப் பார்க்கிறேன். தாமரை மாதிரி அழகாக விரிகிறது. நான் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் இதழ்கள் மூடிக்கொள்கின்றன. எழுதியதும் உள்ளேயே போய்விடுகிறது. பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் உங்கள் பெயரும் தெருவும் கூத்தாநல்லூர் என்று ஊரும் இருந்தன. அந்தப் பக்கத்தில் அது மட்டும்தான் ஆடாமல் நின்றது. அதனால் தபாலில் எழுதுகிறேன்.

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொக்கு நன்றாக இருக்கிறது. இறங்கும்போது காலை முன்னால் நீட்டுகிறதே, நிஜமாகவே அப்படித்தான் இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் வரும் இடமும் நன்றாக இருக்கிறது. எங்கள் குழுவின் பெயரைப் பச்சையில் பார்த்தபோது அம்மா தொட்டுப் பார்த்தார்.

ஆனால் சூரியன் வந்து, கொக்கு வந்து, தண்ணீர் வந்து, பெண்கள் வந்து, அதற்குப் பிறகுதான் 'நடவுக்குப் பதிவு செய்ய' என்ற பட்டன் வருகிறது. அதற்குள் போனைப் பையில் போட்டுவிடுகிறார்கள். பட்டன் வந்தாலும் நாற்று மாதிரி காற்றில் ஆடுகிறது. விவசாயம் செய்கிறவர்களின் கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கும். இரண்டு தடவை தொடுவார்கள், மூன்றாவது தடவை தொட மாட்டார்கள்.

இன்னொன்று. நடவு நடும் பெண்கள் முன்னால் நடந்து போகிறார்கள். அது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், ஆவணி முடிந்ததும் சம்பா நடவு தொடங்கிவிடும். சித்தி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மிஷின் மேல்தான் இருப்பார். போனை எடுக்க முடியாது. சித்தி சொல்லிவிட்டார்: "ஆவணிக்குள்ள வெப்சைட்டுல இருவது பதிவு வந்துட்டா போனை வீட்டுல போட்டுரலாம். வரலைன்னா போனை நீதான் எடுத்துப் பேசணும், மதி." எனக்குத் தெரியாதவர்களுடன் பேச வராது. தெரிந்தவர்களுடனும் அவ்வளவாக வராது. இதுவரை வந்திருப்பது ஒரே பதிவு.

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
மதிவதனி


கூத்தாநல்லூர்
11 ஆகஸ்ட் 2025

மதிவதனி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வீட்டுக்குத் தபால் வந்தால் பாஸ்போர்ட் அல்லது பேங்க் என்றுதான் அர்த்தம். உம்மா பயந்துபோய் முதலில் பிரிக்கவே விடவில்லை.

அந்த வெப்சைட்டுக்கு நான் எட்டு வாரம் உழைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த கொக்குக்கு மட்டும் ஒன்பது நாள். படித்து முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. உங்கள் சித்தி தஞ்சாவூரில் வைத்துப் பார்த்துவிட்டு, "சினிமா மாதிரி இருக்கும்மா" என்றார். குழுவில் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு இன்லேண்ட் லெட்டரில் குறை வருகிறது.

என் லேப்டாப்பில் மூன்று விநாடியில் பட்டன் வந்துவிடுகிறது. உங்கள் போன் பழையதாக இருக்கலாம். பட்டன் ஆடுவது, அங்கே பட்டன் இருக்கிறது என்று கண்ணில் படுவதற்காக. பெண்கள் முன்னால் நடந்தால் என்ன, பின்னால் நடந்தால் என்ன? படம்தானே.

தாமரைப் பெட்டி மூடிக்கொள்வது மட்டும் என் தவறு. அதைச் சரிசெய்துவிட்டேன். இருபது விநாடி போதும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் நம்பர் கீழே. இனிமேல் போனிலேயே சொல்லிவிடலாம்.

ஹபீபுன்னிசா


வேலங்குடி
15 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. நீங்கள் மனம் வருந்தியது எனக்குப் புரிந்தது. சித்தியிடம் சொல்லவில்லை. போன் செய்யவும் இல்லை. நம்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் போன் பழையது என்பது உண்மை. அதனால் மற்றவர்களின் போனில் பார்த்தேன். மதகடியில் காலையில் தண்ணீர் திறக்க வருகிறவர்கள் ஐந்து பேரிடம் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணியும் வைத்தேன். பட்டன் வருவதற்கு ஒருவருக்கு நாற்பது எண்ணினேன். ஒருவருக்கு அறுபது. ஒருவர் சூரியன் உதிக்கும்போதே, "என்னம்மா, விளம்பரம் முடியவே மாட்டேங்குது" என்று மூடிவிட்டார்.

நடவு பற்றிச் சொல்ல வேண்டும். மிஷின் முன்னால்தான் போகும். ஆனால் வயலின் மூலையில் மிஷின் திரும்ப முடியாது, அங்கே கையால் நடுவோம். கையால் நடும்போது பின்னால்தான் போவோம். குனிந்து, நட்டு, ஒரு அடி பின்னால் வைப்போம். முன்னால் போனால் நட்டதை நாமே மிதிப்போம். எங்கள் குழுவில் செம்மொழி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவர் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, "யாருடி இவளுவ, நட்டுப்புட்டு நட்டுப்புட்டு மிதிச்சிக்கிட்டே போறாளுவ. இவளுவளுக்குக் கூலி கொடுத்தவன் யாரு?" என்று கேட்டார். பிறகு வரப்பில் நின்று அதே மாதிரி நடந்து காட்டினார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. மன்னித்துவிடுங்கள்.

நான் சொன்ன அந்த ஒரே பதிவு பஞ்சநதம் மாமாவுடையது. அவர் வெள்ளிக்கிழமை பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமைக்கு நடவு கேட்டிருந்தார். வெப்சைட்டும் 'நன்றி, வருகிறோம்' என்று சொல்லிவிட்டது. தட்டில் விதைத்து நாற்று பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற பதத்துக்கு வர பதினைந்து நாள் ஆகும். மாமா ஞாயிற்றுக்கிழமை வயலில் சேறு கலக்கி வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் வந்து நின்றார். "கம்ப்யூட்டர் வருதுன்னு சொல்லுது, நீங்க வரலைன்னு சொல்றீங்க. யாரு சொல்றதம்மா நான் கேக்குறது?" என்றார். சித்தி இல்லை. பதில் சொல்ல வேண்டியது நான். நான் தட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்ல என்னை மேடையில் ஏற்றினார்கள். 'வணக்கம்' என்று சொன்னேன். அதோடு சரி. அந்த வருடம் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். வீட்டில் எல்லோரும் அம்மாவுக்காக நின்றேன் என்று நினைக்கிறார்கள். இப்போது எனக்குப் பதினேழு வயது.

எழுத எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் கடிதத்திலேயே சொல்கிறேனே.

மதிவதனி


கூத்தாநல்லூர்
19 ஆகஸ்ட் 2025

மதிக்கு,

பதினேழு என்று சொல்லிவிட்டதால் இனி 'நீ'தான். நான் உன்னைவிட எட்டு வயது மூத்தவள்.

உன் கடிதத்தைச் சமையல்கட்டில் நின்று உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'கூலி கொடுத்தவன் யாரு' என்ற இடத்தில் உம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் நிலம் கிடையாது. அத்தா மலேசியாவில் கடை வைத்திருந்தார். நான் வயலைப் பார்த்தது எல்லாம் மன்னார்குடி காலேஜுக்குப் போகும் பஸ் ஜன்னலிலிருந்துதான். ஒரு போட்டோவைப் பார்த்துப் பெண்களை வரைந்தேன். குனிந்து நிற்கிற போட்டோவில் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று தெரியுமா, சொல்லு.

உம்மாவின் போனில் வெப்சைட்டைத் திறந்தேன். வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். கொக்கு இறங்கியபோது மூன்று வெங்காயம் உரித்து முடித்திருந்தேன். ஒன்பது நாள் வரைந்த கொக்கை நானே திட்டினேன்.

இப்போது சூரியனை எடுத்துவிட்டேன். பட்டன் முதலிலேயே வருகிறது, ஆடாது, உன் பஞ்சநதம் மாமாவின் விரலுக்குத் தகுந்த அளவில் இருக்கிறது. அடுத்த பதினைந்து நாளைக்குள் வரும் எந்தத் தேதியையும் தொட முடியாது. பெண்களையும் சரிசெய்துவிட்டேன். மறுபடி வரையவில்லை, அதே படத்தைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டேன். ஒரே ஒரு வரிதான் மாற்றினேன். இப்போது எல்லோரும் அழகாகப் பின்னால் நடக்கிறார்கள். செம்மொழி அக்காவிடம் காட்டு. இனி ஒன்றும் சொல்ல முடியாது.

ஹபீபுன்னிசா


வேலங்குடி
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

காட்டினேன்.

செம்மொழி அக்கா போனை வாங்கி இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, "இது நடவு இல்லடி, நாத்துப் பறி" என்றார். நீங்களே பாருங்கள். வயல் முழுவதும் நட்டபடி தொடங்குகிறது. பெண்கள் பின்னால் வருகிறார்கள். அவர்கள் வர வர நாற்று ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து கைக்குப் போய்விடுகிறது. கடைசியில் வயல் வெறுமையாக இருக்கிறது. அதற்குமேல் 'உங்கள் வயலை எங்களிடம் ஒப்படையுங்கள்' என்று எழுதியிருக்கிறது.

இதை எப்படி எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். சித்திக்குத் தெரிந்தவர்கள் கண்டியூரிலிருந்து போன் செய்து, "புடுங்குற குழு நீங்கதானா?" என்று கேட்டார்களாம். சித்தி சிரித்துக்கொண்டே அவர்களை நாலு ஏக்கருக்குப் பதிவு செய்ய வைத்துவிட்டார்.

பட்டன் நன்றாக இருக்கிறது. தொட்டவுடன் திறக்கிறது. தேதியும் சரியாக இருக்கிறது. பதிவு ஆறு ஆகிவிட்டது. பஞ்சநதம் மாமாவும் சரியான தேதிக்கு மறுபடி பதிந்துவிட்டார், அதுவும் சேர்த்துத்தான்.

கொக்கை எடுத்துவிட வேண்டாம். பதிவு முடிந்தபிறகு அது வந்து இறங்கினால் என்ன? அப்போது யாருக்கும் அவசரம் இருக்காது. வேலை முடிந்துவிட்டது என்று உட்கார்ந்து பார்ப்பார்கள்.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. பெரிய குறை. ஆனால் அதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மதி


கூத்தாநல்லூர்
28 ஆகஸ்ட் 2025

மதிக்கு,

ஆறு மாதம் கழித்து யாராவது என்னிடம் இதைப் பற்றிக் கேட்டால் நான் மறுத்துவிடுவேன்: மூன்று நாளைக்கு முன்னால் நான் வயலில் இறங்கினேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். பார்க்காமல் வரையக் கூடாது. மன்னார்குடி ரோட்டில் பம்புசெட் தண்ணீரில் முன்கூட்டியே நடுகிற வயல் ஒன்று இருந்தது. வரப்பில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று படம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்ன பாப்பா, கணக்கெடுக்க வந்தியா?" என்றார். வெப்சைட் செய்கிறேன், நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று பார்க்க வந்தேன் என்றேன். "நடக்குறதைப் பாக்க வந்தாளாம்ல. ஏன், எங்களுக்கு என்ன, காலு கோணலாவா இருக்கு?" என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "செருப்பைக் கழட்டிட்டு எறங்கு" என்றார்கள்.

ஒரு வரிசை நட்டேன். ஐந்தாவது அடியில் பின்னால் வைத்த கால் திரும்ப வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புர்க்காவில் முழங்கால்வரை சேறு. பஸ்ஸில் எனக்கு ஒரு சீட் முழுதாகக் கிடைத்தது.

ஆனால் பார்த்துவிட்டேன். இடது கையில் முடிச்சு, வலது கையில் பிரித்து எடுப்பது, கண் எப்போதும் நட்ட வரிசையின் மேல். எதை முடித்தோம் என்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறார்கள். மூன்று நாளில் புதிதாக வரைந்து ஏற்றிவிட்டேன். கொக்கும் நீ சொன்ன இடத்தில்தான் இறங்குகிறது.

இப்போது என் வருத்தம். பெரிய குறை இருக்கிறது, எழுத மாட்டேன் என்கிறாய். என் படத்தை ஊரே பார்த்துச் சிரித்ததை எழுதினாய். அதைவிட என்ன? நான் தாங்கிக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். அப்படியானால் வேறு யாருக்காகவோ மறைக்கிறாய். சொல்லு.

ஹபீபா


வேலங்குடி
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

புதிய பெண்களைச் செம்மொழி அக்கா பார்த்தார். "மூணாவதா நிக்கிறா பாரு, அவ நம்மாளு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் யாரையும் அதற்குமேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

நீங்கள் விழுந்ததை அம்மாவிடம் சொன்னேன். முதல் நாள் விழாமல் நட்டவள் யாரும் இல்லை என்று எழுதச் சொன்னார்.

பதிவு பதினொன்று. ஐந்து நாளாக அது நகரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மதகடியில் நின்றபோதே தெரியும்.

அங்கே வருகிறவர்கள் பட்டனைச் சரியாகத் தொடுகிறார்கள். அடுத்த பக்கத்தில் எழுத்து வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பஞ்சநதம் மாமா கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருவார். சிலருக்குப் படிக்கவே வராது, அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சிக்னல் இல்ல" என்பார்கள். மாமா வாசலில் வந்து நின்ற அன்றைக்கே சொன்னார், "எழுதிக் காட்டுனா எனக்கு என்ன தெரியும், வாயால சொன்னா செய்யப் போறேன்."

வெப்சைட் பேச வேண்டும் அக்கா. 'உங்கள் ஊரைத் தொடுங்கள்', 'எத்தனை ஏக்கர் என்று தொடுங்கள்' என்று ஒவ்வொன்றாக வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லோரும் செய்துவிடுவார்கள்.

இதை நான் எழுதாததற்குக் காரணம், எழுதினால் யாருடைய குரல் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் மற்றவர்களை வைத்துப் பார்த்துவிட்டேன். சித்தி பேசினால் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல், போனே அதிர்கிறது. அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் "சரிதானடி?" என்று என்னைக் கேட்கிறார். செம்மொழி அக்காவைப் பேசச் சொன்னால், "ஊரைத் தொடு. தொட்டியா? தொடலையா? என்னத்தத்தான் புடுங்குற" என்கிறார்.

போனில் பேசக் கூடாது என்பதற்காகத்தான் உங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். அது இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

மதி


கூத்தாநல்லூர்
5 செப்டம்பர் 2025

மதிக்கு,

யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை. உன்னுடையதுதான். கேள்வி முடிந்தது.

சின்னக் கடிதம்தான் எழுதுகிறேன், நீ யோசிக்க நேரம் இருக்கக் கூடாது. பதினாறாம் தேதியோடு ஆவணி முடிகிறது. இன்னும் ஒன்பது பதிவு. வராவிட்டால் சம்பா முடியும்வரை முன்பின் தெரியாத நூறு பேர் உனக்குப் போன் செய்வார்கள், ஒவ்வொருவரும் நாலு கேள்வி கேட்பார்கள். இது ஆறே வாக்கியம். கேட்க யாரும் எதிரில் இருக்க மாட்டார்கள். தப்பினால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். மேடையில் அந்த வசதி கிடையாது.

மேடை மாதிரி பேசாதே. தட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாயே, அங்கேயே உட்கார். பஞ்சநதம் மாமா இந்தப் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக்கொள். அன்றைக்கு அவரிடம் எப்படிப் பேசியிருக்க வேண்டுமோ அப்படிப் பேசு.

நான் உன் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் அதில் ஆசை உண்டு.

ஹபீபா


வேலங்குடி
9 செப்டம்பர் 2025

அக்கா,

இந்தக் கவரில் ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். ஆனால் அனுப்பினால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று நீலக் குறி வரும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. தபால் என்றால் மூன்று நாள் நிம்மதி.

முப்பத்தொரு தடவை பேசினேன். முதல் பத்தில் குரலே இல்லை, மூச்சு மட்டும்தான் இருக்கிறது. பன்னிரண்டாவதில் பக்கத்து வீட்டு வான்கோழி கத்துகிறது. பத்தொன்பதாவது நன்றாக வந்தது, ஆனால் முடிவில் அம்மா, "மதி, மோட்டாரை நிறுத்து, தட்டு முங்குது" என்று கத்துகிறார். நான் பேசிக்கொண்டிருந்ததில் பன்னிரண்டு தட்டு முங்கிவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டோம், நாற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு தடவை மட்டும் தட்டில் ஈரம் பார்த்துக்கொண்டே, வேலையோடு வேலையாகச் சொன்னேன். அதுதான் இருபத்தாறாவது. நன்றாக இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் கார்டில் இருக்கிற மற்ற எதையும் கேட்காமல் அழித்துவிடுங்கள்.

மதி


கூத்தாநல்லூர்
12 செப்டம்பர் 2025

மதிக்கு,

எல்லாவற்றையும் கேட்டேன். வான்கோழியை இரண்டு தடவை.

இருபத்தாறாவதை ஏற்றிவிட்டேன். ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. 'நிதானமா தொடுங்க, அவசரம் இல்ல' என்று நீயாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாயே, நான் எழுதிக் கொடுத்திருந்தால் அது வந்திருக்காது. உனக்குப் பேச வராது என்று சொன்னவள் நீதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஏற்றியதும் சரிபார்க்க உம்மாவின் கையில் போனைக் கொடுத்தேன். நீ சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொட்டார். கொக்கு இறங்கியதும், "இந்தப் பொண்ணு சொல்லி எப்படி மறுக்குறது" என்றார். பிறகு பார்த்தால் ஒரு காணி நிலம் இல்லாத எங்கள் பெயரில் அக்டோபர் நாலாம் தேதி இரண்டு ஏக்கர் நடவு பதிவாகியிருக்கிறது. தயவுசெய்து அதை எடுத்துவிடச் சொல். மிஷின் எங்கள் தெருவுக்கு வந்துவிடப் போகிறது.

நீடாமங்கலத்தில் ஒரு மருந்துக் கடையும் ஒரு தையல் வகுப்பும் வெப்சைட் கேட்டிருக்கிறார்கள். செய்து முடித்ததும் முதலில் உனக்குத்தான் காட்டுவேன். என்ன குறை என்று எழுதி அனுப்ப வேண்டும். எனக்குக் கிடைப்பதில் உனக்கும் உண்டு, உன் சித்தியிடம் பேசிவிட்டேன்.

ஹபீபா


வேலங்குடி
18 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆவணி முடிந்துவிட்டது. உங்கள் உம்மாவின் இரண்டு ஏக்கரைக் கழித்துவிட்டு இருபத்தாறு பதிவு. சித்தி போனை அணைத்து அரிசி டப்பாவுக்கு மேலே வைத்துவிட்டார். நான் அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். மருந்துக் கடையை அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

ஒரு புதிய குறை கண்டுபிடித்தேன். அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

நேற்று விதை வாங்கச் சித்தியோடு தஞ்சாவூர் பஸ்ஸில் போனேன். சித்தி ஏறியதும் தூங்கிவிட்டார். நான் ஜன்னல் பக்கம். முன் சீட்டில் வெள்ளைத் துண்டு போட்ட ஒருவர் போனைக் கையில் வைத்திருந்தார். திடீரென்று என் குரல் கேட்டது. "வணக்கம். வேலங்குடி மகளிர் நடவுக் குழு. உங்க ஊரைத் தொடுங்க."

எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல் இருந்தது. சித்தி என் தோளில் சாய்ந்திருந்ததால் முடியவில்லை.

அவர், "தொட்டுட்டேம்மா" என்றார்.

போனிடம்தான் சொன்னார். "எத்தனை ஏக்கர்னு தொடுங்க. நிதானமா தொடுங்க, அவசரம் இல்ல" என்றது என் குரல். "சரிம்மா" என்றார். ஆனால் விரல் அங்கேயே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதானே வைத்திருக்கிறோம். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ரெண்டே முக்காலு இருக்கும்மா. அதுக்கு எங்க தொடுறது?" என்று கேட்டார்.

போன் பேசாமல் இருந்தது. அவரும் காத்திருந்தார். ஒரு தடவை, "அம்மா?" என்றார். விட்டால் மூடிவிடுவார் என்று தெரிந்தது. மதகடியில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "மூணுன்னு தொடுங்க. வயலுக்கு வந்து அளந்துக்குவாங்க" என்றேன்.

"அப்புடிச் சொல்லு" என்று போனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மூன்றைத் தொட்டார். திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "கேட்டா பதில் சொல்லுதுய்யா" என்றார். அவர் நம்பாமல், "பூதலூருக்கு வருவாங்களான்னு கேளு" என்றார். இவர் கேட்டார்.

"வருவாங்க" என்றேன்.

"மேட்டு வயலுக்கு?"

"தண்ணி ரெண்டு விரக்கடை நின்னாப் போதும்."

"கட்டையாப் போயிட்ட நாத்தைக் கொண்டாந்து வச்சிடுவாளுவளோ?"

இதற்கு எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "நாத்து நான்தான் வளக்குறேன். பதினஞ்சாம் நாள் ஒரு சாண் இருக்கும். வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். இரண்டு பேரும் போனை மரியாதையாகப் பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். அக்கா, இப்போது எனக்கு இறங்கி ஓடத் தோன்றவில்லை. அடுத்து என்ன கேட்பார்கள் என்று இருந்தது.

முக்கால், அரை, கால் எல்லாவற்றையும் சீக்கிரம் வையுங்கள். அதுதான் குறை.

பூதலூர்க்காரரும் தன் போனை எடுத்துப் பதிவு செய்தார். இரண்டு போனிலும் கொக்கு இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். புதிய பஸ் ஸ்டாண்டு வந்ததும் துண்டு போட்டவர் எழுந்து, "நல்லா இரும்மா" என்று போனுக்குச் சொல்லிவிட்டு, அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"சரிங்க" என்றேன்.

அவர் குனிந்து பையைப் பார்த்தார்.

மதி